டேங்கை மாத்தாதே, மருமகனே!

வாய்யா மருமகனே. வண்டிச் சத்தம் கேக்குறதுக்கு முந்தி டீசல் வாடை வந்துருச்சு. வெள்ளக்கல் குப்பைக்கிடங்குக் காத்துல ஊறிப்போன மூக்கு இது. அதையும் தாண்டி ஒரு வாடை வந்து சேருதுன்னா, உன் வண்டிக்கு அது பெருமைதான்.

டேங்க் ஒழுகுது, என்ன மாமா செய்யன்னு கேக்குற. மாத்தவே மாத்தாத. பழைய டாடா 207-க்கு டேங்க் மாத்துறதெல்லாம் காசு கொழுத்தவன் வேலை. நீ செய்யிற வைத்தியமே போதும். துணி சோப்பைத் தேய்ச்சு, மேல எம்-சீல் அப்பி, அதுக்கு மேல சைக்கிள் டியூப்பைக் கிழிச்சு ஒரு கட்டு. சோப்பு டீசல்ல கரையாது, வாஸ்தவம். பட்டறை வரைக்கும் போய்ச் சேர அது நல்ல கைவைத்தியம். நீ தீபாவளிக்குத் தேய்ச்சதோட கார்த்திகை மழையில ஓட்டிக்கிட்டு இருக்க. மழைத்தண்ணிக்கு சோப்பு கரையுமே! பெருங்குடி ரோட்டுல நீ போட்டுட்டுப் போற டீசல் கோலத்துல ரெண்டு சக்கர வண்டிக்காரன் எவனாவது வழுக்கி விழுவான். எந்திரிச்சு உன்னைத் தேடி வருவான். அதுவரைக்கும் செலவில்லாமப் போகுதுல்ல, போகட்டும்.

ஓட்டை எப்படி விழுந்துச்சுன்னு யோசிச்சியா? தகரம் மட்டம்னு கம்பெனிக்காரனை வையிற. உன் இருநூறு ரூபாய வையி. பங்க்ல போய், "இருநூறுக்குப் போடுண்ணே"ன்னு வருசக்கணக்கா சொல்லிக்கிட்டு வந்த. டேங்க்ல எப்பவும் அடியில ஒரு விரக்கடை எண்ணெய், மேல பூராக் காத்து. காத்துல ஈரம் இருக்கும். ராத்திரி குளுந்ததும் அந்த ஈரம் உள்பக்கத் தகரத்துல வேர்த்து, சொட்டுச் சொட்டா இறங்கும். தண்ணி டீசலை விடக் கனம், அடியில போய் உக்காந்துக்கிரும். உக்காந்த இடத்துல தகரத்தைத் தின்னும். வெளிப்பக்கம் இன்னொரு சங்கதி. டேங்கைத் தாங்குற பட்டைக்கு அடியில ரப்பர் வெச்சிருந்தான். அது கிழிஞ்சு விழுந்ததும், "இதெல்லாம் எதுக்கு"ன்னு விட்டுட்ட. அந்த இடுக்குல சேறு அடைச்சு, ஈரம் காயாம, பட்டை உரசி உரசி அங்க ஒரு ஓட்டை. உள்ள இருந்து ஒண்ணு, வெளிய இருந்து ஒண்ணு. நல்ல வரும்படி!

பட்டறைப் பய, "பத்த வெச்சுரலாம்ணே, டேங்கு காலியாத்தான இருக்கு"ன்னானா? இந்த ஒரு விசயத்துல மட்டும் உன்னைக் கேலி பண்ண மாட்டேன், கேட்டுக்க. காலி டேங்குதான்யா எமன். எண்ணெய் நிறைஞ்சிருந்தா ஆவி நிக்க இடமில்லை. காலியானா ஆவியும் காத்தும் கலந்து பொறிக்குக் காத்துக்கிட்டு இருக்கும். டீசல் சாது, பெட்ரோல்தான் முரடுன்னு சொல்லுவ. நம்ம நாட்டு டீசல் 35 டிகிரி சூட்டுக்குக் கீழ பத்துற ஆவி விடக்கூடாதுங்கிறதுதான் அளவு. மதுரை சித்திரையில வெயில் 40-ஐத் தொடுற ஊரு. அதுலயும் வெல்டிங் தீ பட்ட தகரத்துல ஒட்டியிருக்குற பிசுக்கே ஆவியாயிரும். நல்லாக் கழுவி, நீராவி விட்டு, முறை தெரிஞ்சவன் செஞ்சாலும் அரிச்ச தகரத்துல பத்து நிக்காது. ஒரு ஓட்டைய அடைச்சா பக்கத்துல இன்னொண்ணு கண்ணைத் திறக்கும்.

சரி, மாத்தத்தான் போறேன்னு அடம் பிடிக்கிற. சென்னை புதுப்பேட்டையில பழசு சல்லிசாக் கிடைக்கும்னு எவனோ சொன்னானாம். போய் வாங்கு. டார்ச் அடிச்சு உள்ள பாக்காம வாங்கு. துருப்பொடி ஃபில்டரை அடைச்சு, நாலாம் நாள் வண்டி ரிங் ரோட்டுல நின்னாத்தான் மாமன் ஞாபகம் வரும். அளவு கொடுத்துத் தகரத்துல அடிச்சு வாங்குறதா இருந்தா, உள்ள தடுப்புத் தகடு வெச்சானான்னு கேளு. தடுப்பு இல்லாட்டி ஒவ்வொரு வேகத்தடையிலயும் டீசல் குடத்துத் தண்ணியாத் தளும்பி மூட்டைப் பிளக்கும். என் கையில காசிருந்தா, கம்பெனிப் புதுசுதான் வாங்குவேன். ஆனா நான் கஞ்சன் இல்லையே.

கழட்டுறதுக்கு முந்தி எண்ணெய வடிச்சிரு. 40 லிட்டர் டீசல் சுமாரா முப்பத்து மூணு கிலோ இருக்கும். படுத்துக்கிட்டுப் பட்டையக் கழட்டினா அம்புட்டும் நெஞ்சு மேல. பேட்டரி வயரை முதல்ல கழட்டு, வாயில இருக்குற பீடிய அதுக்கும் முதல்ல. பம்ப்புக்குப் போற குழாய் ஒண்ணு, மிச்ச எண்ணெய் திரும்பி வர்ற குழாய் ஒண்ணு. ரெண்டுலயும் தனித்தனி அடையாளம் கட்டிட்டுக் கழட்டு. ஹோஸும் கிளிப்பும் பட்டை ரப்பரும் புதுசு போடு. மாட்டினதும் செல்ஃபை அடிச்சு அடிச்சு பேட்டரியக் கொல்லாத. ஃபில்டர் மேல இருக்குற திருகை லேசாத் தளர்த்தி, ஹேண்ட் பம்ப்பைக் குத்து. நுரை நின்னு எண்ணெய் சீரா வந்ததும் இறுக்கு. ஏர் லாக் போயிரும்.

டேங்குக்கு மூடி ஒண்ணு வாங்கிரு, புண்ணியமாப் போகும். பாலித்தீன் கவரைச் சுத்தி ரப்பர் பேண்டு மாட்டியிருக்க பாரு, அந்த அறிவுக்குச் சிலையே வைக்கலாம். டேங்க்ல எண்ணெய் குறையக் குறைய காத்து உள்ள போகணும், அதுக்குத்தான் மூடியில வழி விட்டிருக்கான். அதை இறுக்கி அடைச்சா டீசல் இறங்காம வண்டி திணறும். நீ பம்ப் போச்சுன்னு பம்ப்பைக் கழட்டுவ.

எட்டு வருசம் தாண்டுன சரக்கு வண்டிக்கு வருசா வருசம் எப்.சி. பாக்கணும். ஒழுகுற டேங்கோட போனா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல உனக்கு மாலை போட மாட்டாங்க. அதனால மார்கழிக்குள்ள வேலைய முடி. முடிச்சதும் டேங்கை ரொப்பி வெச்சிரு. இனிமே அரைக்குக் கீழ இறங்கவே விடாத, சீக்கிரம் துருப்பிடிக்காது.

தை முதல் நாள் நம்ம ஊர்ல ஜல்லிக்கட்டு, மறுநாள் பாலமேடு, அதுக்கு மறுநாள் அலங்காநல்லூர். நம்ம ஊர் வாடிவாசலுக்குன்னா என் காளை நடந்தே போயிரும். இந்த வருசம் பாலமேட்டுக்கு ஆன்லைன்ல பதியலாம்னு பேரன் சொல்றான். ஏத்திக்கிட்டுப் போக வண்டி வேணுமே. டீசல் காசு யாரு கொடுக்குறதுன்னா கேக்குற? பின்ன டேங்கை ரொப்பி வைக்கச் சொன்னது எதுக்குங்குற!