வாஷ்பேசின் சிவப்பு: பல் ஈறு ரத்தக் கசிவும் பழி போடும் மரபும் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் நோக்கம்

காலையில் துப்பிய நுரை இளஞ்சிவப்பாக இருந்தால் நம் குடும்பத் தலைவர் முதலில் குழாயை முழு வேகத்தில் திறக்கிறார். பின்பு யாராவது பார்த்துவிட்டார்களா என்று கண்ணாடி வழியாக நோட்டம் விடுகிறார். மூன்றாவதாக, கையிலிருக்கும் பிரஷ்ஷை முறைக்கிறார். தடயம் அழித்தல், சாட்சி இல்லாமையை உறுதி செய்தல், குற்றவாளியை நியமித்தல் ஆகிய மூன்றும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால் அறிஞர் உலகம் இவற்றைக் கவனிக்கத் தவறிவிட்டது. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

கருதுகோள்: ஈறில் ரத்தம் வருவதற்கு இதுவரை பழி சுமந்தவர்களில் பெரும்பாலோர் நிரபராதிகள். உண்மைக் குற்றவாளிக்கான ஆதாரம், பழி சுமத்தும் சுட்டுவிரலின் நகத்திலேயே கிடைக்கும்.

2. முன்னோர் கொள்கைகள்

அ) சூட்டுக் கொள்கை. வாய்ப்புண், கண்கட்டி, முடி கொட்டுதல், மருமகளின் கோபம் அனைத்தையும் "உடம்பு சூடு" என்ற இரண்டே சொல்லில் விளக்கும் பேராற்றல் இதற்கு உண்டு. பரிகாரம்: ஊறவைத்த வெந்தயம், மோர், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். எண்ணெய் உச்சந்தலையில் வைக்கப்படுவதும், நோய் அதற்கு ஒரு சாண் கீழே வாய்க்குள் இருப்பதும் இக்கொள்கையினரை ஒருநாளும் உறுத்தியதில்லை.

ஆ) பிரஷ் கொள்கை. இதில் ஓரளவு உண்மை உண்டு. முரட்டு பிரஷ்ஷால் செருப்பைத் துடைப்பதுபோல் தேய்த்தால் ஈறு புண்ணாகும். நாளடைவில் ஈறு பின்வாங்கிப் பல்லின் வேரும் வெளியே தெரியும். ஆனால் மென்மையான பிரஷ் பட்டதற்கே ரத்தம் வந்தால், கோளாறு பிரஷ்ஷில் இல்லை.

இ) பேஸ்ட் கொள்கை. உப்பு, கிராம்பு, வேம்பு என்று மளிகைக் கடையே டியூபுக்குள் புகுந்துவிட்ட காலம் இது. மாதாமாதம் பேஸ்ட்டை மாற்றுவோர், தேய்க்கும் விதத்தை மாற்றுவதில்லை என்பது கவனத்துக்குரியது.

ஈ) வைட்டமின் கொள்கை. இவர்களுக்கு வரலாறே துணை நிற்கிறது. 1747-இல் சாலிஸ்பரி என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில், ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைபாட்டு நோயால் ஈறு அழுகிக் கிடந்த 12 மாலுமிகளை ஆறு ஜோடிகளாகப் பிரித்தார் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர். ஒரு ஜோடிக்கு வினிகர், இன்னொன்றுக்குக் கடல்நீர், வேறொன்றுக்கு நீர்த்த கந்தக அமிலம் என்று கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற ஜோடிதான் விரைவில் எழுந்து நடமாடியது. ஆங்கிலேயக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்க 1795 வரை காலம் எடுத்துக்கொண்டது. அரசுக் கோப்புகளின் நடை வேகம் எந்தக் கடலிலும் ஒன்றுதான். ஆனால் ஸ்கர்வி வர மாதக்கணக்கில் காய்கனி வாடையே இல்லாமல் கிடக்க வேண்டும். கொய்யாவும் நெல்லிக்காயும் தெருமுனையில் கூறுகட்டி விற்கும் ஊரில் இப்படியொரு பஞ்சத்தைக் காரணம் காட்டுவது பெரும்பாலோருக்குப் பொருந்தாது.

3. குற்றவாளியின் அடையாளம்

ஆய்வுக்கருவி: சுட்டுவிரல் நகம், நன்கு கழுவியது. முறை: பல்லும் ஈறும் சந்திக்கும் விளிம்பில் நகத்தை மெல்ல ஓட்டவும். நகக்கண்ணில் வெளிர் மஞ்சளாக, பிசுபிசுவென்று அரைத்த மாவு போல் ஒன்று ஏறியிருக்கும். அதுதான் பற்படலம், உயிருள்ள கிருமிகளின் குடியிருப்பு. அது விளிம்பில் தங்கினால் உடல் அதை எதிர்க்க அங்கே ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் கசியத் தொடங்குகிறது.

இத்துறையின் முன்னோடி, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லேவன்ஹூக். 1683-இல் தம் பல்லிடுக்கு மாவையே மழைநீரில் கலந்து தாம் செய்த நுண்ணோக்கியில் பார்த்து, அதில் நெளிந்த ஜீவராசிகளைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். இத்தனைக்கும் அவர் தினமும் உப்பால் பல் தேய்ப்பவர். எவ்வளவு தேய்த்தாலும் தம் ஈறில் ரத்தம் வராது என்று பெருமைப்பட்டவர். வாயே கழுவாத ஒரு முதியவரின் பல்லழுக்கையும் வாங்கிப் பார்த்திருக்கிறார். ஆராய்ச்சிக்காக அவர் தாங்கிக்கொண்டதை நினைத்தால் நமக்குப் பேச்சு வரவில்லை.

4. சோதனைச் சான்று

1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோவும் அவர் குழுவினரும், ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார்கள். அவர்களில் பலர் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் தேய்க்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் சரியானது. இதற்கிடையில் ஆர்ஹூஸில் யாருக்கும் உடம்பு சூடானதாகக் குறிப்பு இல்லை.

இங்கேதான் இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு வருகிறது. ரத்தம் வந்த இடத்தை நாம் பயந்து விட்டுவிடுகிறோம். தேய்க்காத இடத்தில் படலம் சேர்கிறது. படலம் சேர்ந்தால் ரத்தம் கூடுகிறது. கூடினால் இன்னும் பயம். ரத்தம் வரும் இடம்தான் பதமாகவும் விடாமலும் தேய்க்க வேண்டிய இடம்.

5. பரிகாரம்

மென்மையான பிரஷ்ஷை ஈறு விளிம்பில் 45 டிகிரி சாய்த்து, சிறுசிறு அசைவாகத் தேய்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இரு வேளை, வேளைக்கு இரண்டு நிமிடம். போட்டோவில் தெரியும் ஆறு பல்லுக்கு மட்டும் சேவை செய்யும் வழக்கம் ஒழிய வேண்டும். பல்லிடுக்குக்கு ஃப்ளாஸ் நூல் அல்லது அதற்கென்றே உள்ள குட்டி பிரஷ்; ஊக்கு, துடைப்பக்குச்சி, பஸ் டிக்கெட்டின் முனை ஆகியவை ஆய்வுக் கருவிகளாக ஏற்கப்படா. வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளிப்பது இதம் தரும், படலத்தைப் பெயர்க்காது.

படலம் உமிழ்நீரின் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து இறுகினால் காரை. உமிழ்நீர் வந்து விழும் கீழ் முன்பற்களின் உட்புறத்தில் அது மதில் போல் எழும். பிரஷ் அங்கே தோற்கும்; ஸ்கேலிங்தான் வழி. "ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும்" என்ற மாமியார் வாதத்துக்கு மறுப்பு: இடைவெளியை அதுவரை அடைத்து நின்றது காரை. ஆட்டமும் அதன் உபயம்; ஈறை மட்டுமல்ல, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பையும் கரைய விடுவது அதுவே.

6. விதிவிலக்குகள்

கர்ப்ப காலம், சர்க்கரை நோய், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகள் ஆகியவை கசிவைக் கூட்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. புகைப்பவருக்கு ரத்தமே வராமல் இருக்கலாம். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கி நோயை மறைக்கிறது, ஆகவே பெருமைப்பட ஏதுமில்லை. தொடாமலேயே ரத்தம் கசிந்தாலோ, தோலில் காரணமில்லாமல் கன்றிப்போன தடங்கள் தெரிந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

7. முடிவுரை

இரண்டு வாரம் ஒழுங்காகத் தேய்த்தும் கசிவு நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் செல்க. சூட்டுக் கொள்கையினரோடு பகை வளர்ப்பது இவ்வாய்வின் நோக்கமன்று. மோர் தாராளமாகக் குடிக்கலாம். குடித்தபின் வாயைக் கொப்பளித்துவிடவும்.