வளராத புல்லுக்கு ஒரு காவல்காரர்

மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கத்துத் தனி வீடுகளில் காம்பவுண்டுச் சுவருக்கும் போர்டிகோவுக்கும் நடுவே, எந்தக் கோடையிலும் வாடாத பச்சை தெரிந்தால், உள்ளே அந்தக் காவல்காரர் இருக்கிறார் என்று அர்த்தம். பெரும்பாலும் வங்கியில் ஓய்வு பெற்றவர். சேறு ஆகாது, மண்புழு ஆகாது; ஆனால் வாசலில் புல்வெளி வேண்டும்.

"ஒரு தடவை போட்டா போதும் சார். தண்ணி வேணாம், வெட்ட வேணாம், உரம் வேணாம்" என்றார் கடைக்காரர். அந்த மூன்று 'வேணாம்'களை நம்பித்தான் 35 மில்லிமீட்டர் உயரச் செயற்கைப் புல்லைச் சதுர அடிக் கணக்கில் வாங்கிச் சிமென்ட் தரையில் ஒட்டினார். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. என்னென்ன வேண்டும் என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் காபிக்கு முன்னால் சரித்திரம் குடிக்க வேண்டும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் கூரை போட்ட பேஸ்பால் மைதானம் ஒன்று கட்டினார்கள். கூரை வழியே வந்த வெயில் கண்ணைக் கூசச் செய்ததால் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை. கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெளிச்சம் போய்ப் புல் செத்தது. 1966-ல் மான்சான்டோ கம்பெனியின் நைலான் புல் வந்து இறங்கியது. விண்வெளி வீரர் போல உடுத்திய ஆட்கள் அதை வாக்யூம் கிளீனரால் சுத்தம் செய்தார்கள் என்று முடிக்கும்போது, இவர் கையிலும் வாக்யூம் கிளீனர் இருக்கும். உடை மட்டும் மடித்துக் கட்டிய லுங்கி.

அவருடைய முதல் எதிரி பக்கத்து வீட்டு முருங்கை மரம். அதன் இலை துடைப்பத்துக்கும் வராது, விரலுக்கும் அகப்படாது. இரண்டாவது எதிரி வேலைக்கார அம்மா. புல்லைப் பார்த்த அன்றே கேட்டுவிட்டார்: "இது பெருக்குற கணக்கா, தோட்டக் கணக்கா சார்? தோட்டம்னா சம்பளம் தனி." அன்றிலிருந்து கெட்டியான நைலான் பிரஷ்ஷோடு இவரே குனிந்துவிட்டார். நடந்து நடந்து படுத்துப்போன புல்லை, அது சாய்ந்திருக்கும் பக்கத்துக்கு எதிராகத் தேய்த்து நிமிர்த்த வேண்டும். புல் நிமிர்கிறது, இவருக்குத்தான் நேரமாகிறது. தெரு மாடு ஒன்று திறந்த கேட் வழியே வந்து, புல்லை முகர்ந்து, இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதிர்ச் சுவர் போஸ்டரைத் தின்னப் போனதை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை.

காலையில் புல்லில் வெறுங்காலோடு நடந்தால் கண்ணுக்கு நல்லது என்று பாட்டி சொன்னதை மறக்காமல் நடக்கிறார். அக்னி நட்சத்திரத்தில் அது நடையாக இருப்பதில்லை, ஆட்டமாகிவிடுகிறது. பிளாஸ்டிக் வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது. உயிருள்ள புல்லைப் போல ஈரத்தை விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள அதற்குத் தெரியாது. ஆகவே ஹோஸ் பைப் வந்தது. முதல் 'வேணாம்' போயிற்று.

தீபாவளிக்குப் பேரன் பிடித்த கம்பி மத்தாப்பிலிருந்து ஒரு பொறி விழுந்தது. நிஜப் புல்லாக இருந்தால் கருகிய இடத்தைத் தானே மூடிக்கொள்ளும். இதற்கு ஆறும் குணம் இல்லை. அதையும் சொந்தக்காரர்தான் கொடுக்க வேண்டும். பரணிலிருந்து மிச்சத் துண்டை இறக்கினார். கருகியதைச் சுற்றிச் சதுரமாகப் பிளேடு போட்டு, அதே அளவில் புதுத் துண்டைப் பின்பக்கத் தையல் வரிசைக்கு நடுவே வெட்டி, புல் சாயும் பக்கம் பார்த்துப் பொருத்தி, அடியில் பட்டை வைத்துப் பசை தடவி, மேலே அம்மிக் குழவியை ஏற்றிக் காய விட்டார். அழகாக ஒட்டிக்கொண்டது. ஆனால் வெயில் பட்ட புல் வெளுத்துக் கிடக்க, பரணில் இருந்த துண்டு கரும்பச்சையாக மின்னிற்று. இப்போது அந்தச் சதுரத்தின் மேல் நிரந்தரமாக ஒரு நாற்காலி. வெட்ட வேண்டாம் என்பதும் போயிற்று.

ஐப்பசி மழையில் அடித்துளைகள் மண்ணடைத்து, வாட்டமில்லாத சிமென்ட் தரையில் தண்ணீர் தேங்கி நாறும். ஒட்டியதைப் பிய்த்துக் காம்பவுண்டுச் சுவரில் காயப் போடுவார். "என்ன விசேஷம் சார், பந்தலா?" என்று விசாரிப்பார்கள். திரும்ப விரித்ததும் புல் நிமிர்ந்து நிற்கச் சிலிக்கா மணல் தூவ வேண்டும். பூனை வந்து போன இடத்துக்குத் தண்ணீர் கலந்த வினிகர் தெளிக்க வேண்டும். மூன்றாவது 'வேணாம்' இப்படி மணலாகவும் வினிகராகவும் வந்து சேர்ந்தது.

இத்தனைக்கும் நடுவே, இரண்டு விரிப்புகள் சேரும் இணைப்பில் யாரும் நடாமல் ஒன்று முளைக்கிறது: அருகம்புல். பிடுங்கினால் அடுத்த வாரம் இரண்டு முழம் தள்ளி எழுகிறது. வீட்டில் உண்மையாகவே பராமரிப்பு கேட்காத புல் அது ஒன்றுதான். அதை ஒழிக்கத்தான் அவர் நித்தமும் கத்தரியோடு அலைகிறார்.

சங்கடஹர சதுர்த்தியன்று மட்டும் உள்ளேயிருந்து தடை உத்தரவு வரும்: "ஏங்க, இன்னிக்கு அதைத் தொடாதீங்க, பிள்ளையாருக்கு வேணும்." அவரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. ஒரு கட்டு அருகம்புல் காசு மிச்சம் என்று மனதுக்குள் வரவு வைத்துக்கொள்வார். போட்ட முதலுக்கு இதுவரை வந்த வட்டி அது ஒன்றுதானே!