ஒரு வரித் திருத்தமும் எண்வகை மெய்ப்பாடும்

1. ஆய்வின் தேவை

தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது 2000 ஜூலை 4 அன்று. அதற்குப் பிறகு பழைய மகாபலிபுரம் சாலையைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. வாடகை ஏறியதைப் பத்திரிகைகள் எழுதின; முதுகுவலியை மருத்துவர்கள் எழுதினார்கள்; சம்பளத்தைப் பெண் வீட்டார் எழுதிவைத்துக்கொண்டார்கள். அந்தச் சாலையோரக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருப்பவர் காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இடையில் என்னென்ன உணர்கிறார் என்பதற்கு மட்டும் இலக்கணம் வகுக்க ஆள் வரவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

தேடப் புகுந்தபோது, வகுக்க வேண்டிய இலக்கணத்தை முன்பே வகுத்துவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவது மெய்ப்பாடு. அவை எட்டு. ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நிலைக்களன்கள். ஆக மொத்தம் 32. இளம்பூரணரும் பேராசிரியரும் இதற்கு உரை கண்டார்கள். இருவருக்கும் லேப்டாப் வழங்கப்படவில்லை. ஆயினும், டிக்கெட் எனப்படும் ஒரு பிழைப் புகாரைத் திறந்து மூடுவதற்குள் ஒரு டெவலப்பர் படும் பாட்டில் அவர்கள் கணக்கில் வராதது ஒன்றுமில்லை என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கூத்தனின் உணர்ச்சி கண்ணிலும் கையிலும் தெரியும். டெவலப்பரின் மெய் அசைவதே இல்லை. உவகைக்கும் அழுகைக்கும் ஒரே முகம். அந்த முகத்தின்மேல் ஒரு ஹெட்ஃபோன். எனவே மெய்யை விடுத்து மேசையைச் சான்றாகக் கொள்ள வேண்டியதாயிற்று. குறிப்பாக, மேசைமேல் சேர்ந்த காகித டீ கப்புகளை.

2. முன்னோர் கண்ட பூச்சி

மென்பொருளில் வரும் பிழையைப் பூச்சி என்று அழைக்கும் வழக்கத்துக்கு ஒரு சான்று ஆவணமாகவே இருக்கிறது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினி மக்கர் செய்தது. திறந்து பார்த்தால் ஒரு ரிலேயில் விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, நிஜமாகவே ஒரு பூச்சி அகப்பட்டது இதுவே முதல்முறை என்ற பொருளில் ஒரு வரி எழுதிவைத்தார்கள். அந்தப் பக்கம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. இந்தக் கதையை ஊரறியச் செய்தவர் கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர். சொல் அதைவிடப் பழையது. எடிசனே 1878இல் ஒரு கடிதத்தில் கருவிகளின் கோளாறை அப்படித்தான் குறிப்பிட்டிருக்கிறார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது சொல்லின் வரலாறு அன்று. ஹார்வர்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். பிடித்ததை ஒட்டிக் காட்ட முடிந்தது. நம் காலத்துப் பூச்சிக்கு உடல் இல்லை. பிடித்தவனிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. இந்த வேறுபாட்டின்மேல்தான் இக்கட்டுரையின் துணிபு நிற்கிறது.

3. தரவு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு டிக்கெட். ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. ஊழியர் விவரங்களைக் காட்டும் ஒரு திரை. நியூ ஜெர்சியில் இருக்கும் கிளையண்ட், அங்குள்ள ஓர் ஊழியரின் பிறந்தநாள் தவறாக வருவதாகப் படத்துடன் அனுப்பியிருந்தார். டேட்டாபேஸில் 1990 ஜனவரி 15. அவர் திரையில் ஜனவரி 14. மென்பொருள் ஒரு மனிதரை ஒரு நாள் முன்னதாகப் பிறக்க வைத்துவிட்டது.

ஆய்வுக்குரிய டெவலப்பர், இதை எழுதுபவரேதான். வேறு ஆள் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் அன்று டெலிவரி.

4. எண்வகை: நேரப்படி

காலை 10:15. பெருமிதம். நின்றுகொண்டே பேசி 15 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பது விதியான ஸ்டாண்டப் கூட்டத்தில், அனைவரும் உட்கார்ந்திருக்க, "டேட் ஃபார்மேட் பிரச்சினைதான் ப்ரோ, பத்து நிமிஷ வேலை" என்று சொல்லப்பட்டது. பெருமிதம் பிறக்கும் நான்கு களன்களில் கல்வியும் தறுகண்மையும் உண்டு. தறுகண்மை என்பது அஞ்சாமை. டிக்கெட்டை முழுதாகப் படிக்காமல் நேரம் சொல்வது அதன் உயர்நிலை.

10:50. மருட்கை. அதாவது வியப்பு. இதன் களன்களில் ஒன்று சிறுமை. சிறியதைக் கண்டு வியத்தல். அதன் ஆற்றலுக்குப் பிறநாட்டுச் சான்று தருவோம். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் புறப்பட்டு ஒரு நிமிடம்கூட ஆகாமல் வெடித்துச் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் திணிக்க முயன்றதுதான் தொடக்கம். அந்த நிரல்பகுதி, முந்தைய ஏரியன் 4இல் ஒழுங்காக ஓடியது என்பதால் அப்படியே எடுத்து வைக்கப்பட்டது. நம் டிக்கெட்டில் சிறுமை வேறு வடிவில் வந்தது. என் லேப்டாப்பில் அதே ஊழியரைத் திறந்தேன். ஜனவரி 15. பக்கத்து இருக்கையில் திறந்தோம். 15. டெஸ்டர், "எனக்கும் 15தான் காட்டுது, அப்ப டிக்கெட்டை மூடிடலாமா?" என்றார். மூடினால் நியூ ஜெர்சியில் திறப்பார்கள். முதல் கப்.

நண்பகல் 12:30. அழுகை. களன்களில் ஒன்று இழவு, உடைமை இழத்தல். உணவுக்குப் போய் வருவதற்குள் இயங்குதளம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, திறந்துவைத்த பதினேழு ஜன்னல்களையும் மூடிவிட்டு, வணக்கம் சொல்லிக்கொண்டு நின்றது. உடம்பில் எவ்வித மாற்றமும் பதிவாகவில்லை. இரண்டாம் கப்.

பிற்பகல் 2:00. அச்சம். இதற்கு ஒரு களன் அணங்கு, அதாவது பேய். பார்த்தால் மறைவதும் பாராவிட்டால் வருவதும் பேயின் இயல்பு. இவ்வினப் பூச்சிக்கு உலகெங்கும் பெயரே உண்டு: இயற்பியலார் ஹைசன்பர்க் நினைவாக ஹைசன்பக் என்பார்கள். சென்னையில் எவர் பார்த்தாலும் 15 காட்டி, அமெரிக்காவில் மட்டும் 14 காட்டும் தேதியை அணங்கு எனத் துணிவதில் தவறில்லை. இன்னொரு களன் தம் இறை. உரைகாரர்கள் அரசன் என்பார்கள். நாம் மேனேஜர் என்று கொள்வோம். இறை நேரில் வந்து, "என்னப்பா, காலைல பத்து நிமிஷம்னே?" என்று மெல்லிய குரலில் கேட்டது. மூன்றாம் கப்.

3:15. வெகுளி. இதற்கு முதலில் ஆளாவது மொழி. ஜாவாஸ்கிரிப்டை பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்தே நாளில் உருவாக்கினார். அதன் தேதி வசதி அப்போதைய ஜாவாவைப் பார்த்து எடுத்தது. அதனால் இன்றுவரை அதில் மாதங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன. ஜனவரி என்றால் 0, டிசம்பர் என்றால் 11. நாள் மட்டும் ஒழுங்காக 1இலிருந்து. ஆனால் அன்றைய வெகுளிக்கு மொழி மட்டும் காரணமன்று. வெகுளியின் களன்களில் அலைத்தலும் ஒன்று. "எனி அப்டேட்?" என்ற செய்தி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது. விடை தட்டிய விரலின் ஓசை இரண்டு இருக்கை தாண்டிக் கேட்டதாகச் சாட்சியம் உண்டு. நான்காம் கப்.

3:40. இளிவரல். தன் இழிவு தனக்கே தெரிதல். இதற்கு மூப்பும் ஒரு களன். ஆறு மாதம் முன்பு சேர்ந்த பெண்ணை அழைத்து, "கொஞ்சம் பாரேன்மா" என்று சொல்ல நேர்ந்தது. விளக்கத் தொடங்கினேன். தேதி சர்வரிலிருந்து எழுத்துகளாக வருகிறது. நேரம் இல்லாமல் தேதி மட்டும் இப்படி வந்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதை யூடிசி என்னும் உலகப் பொது நேரப்படி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். பிறகு திரையில் காட்டும்போது பார்ப்பவரின் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். நமக்கு யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் என்பதால்...

இந்த இடத்தில் வாய் நின்றுவிட்டது. அந்தப் பெண் அதுவரை ஒரு சொல்லும் பேசவில்லை. "அண்ணா, நியூ ஜெர்சி பின்னாடில்ல?" என்று மட்டும் கேட்டாள். 1999இல் வெளிவந்த 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' நூல் ரப்பர் வாத்து ஒன்றைப் பற்றிச் சொல்கிறது. வாத்திடம் நிரலை வரி வரியாக விளக்கினால் பிழை தானே புலப்படும். வாத்து பேசாது என்பதே அம்முறையின் சிறப்பு. இங்கே வாத்தைவிடக் கூர்மையான ஒருத்தி அமைந்தது ஆய்வாளரின் நற்பேறு.

யூடிசி நள்ளிரவு என்பது சென்னையில் அதே நாள் காலை ஐந்தரை. ஆகவே 15. நியூ ஜெர்சியின் குளிர்கால நேரம் யூடிசிக்கு ஐந்து மணி நேரம் பின்னால். அங்கே அது முதல் நாள் இரவு ஏழு. ஆகவே 14. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. யூடிசிக்குக் கிழக்கே உட்கார்ந்து எழுதியதை மேற்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். "என் மெஷின்ல ஓடுதே" என்னும் புகழ்பெற்ற வாக்கியம் இந்த ஒரு வழக்கில் பொய்யன்று, பூகோளம்.

4:10. லேப்டாப்பின் நேர வலயத்தை நியூ யார்க்குக்கு மாற்றினோம். மூலையில் கடிகாரம் அதிகாலை 5:40 என்றது. திரையைப் புதுப்பித்தோம். ஜனவரி 14. பிழை வந்தது கண்டு இருவர் கைதட்டிக்கொள்வதை, வேறு எந்தத் தொழிலிலும் கண்டதாக ஆய்வாளருக்கு நினைவில்லை.

5:00. நகை. இதன் களன்களில் எள்ளலும் பேதைமையும் உண்டு. பிறரை எள்ளி நகுதல், பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுதல் என எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார் பேராசிரியர். இந்த வரியை எழுதிய பேதை யார் என்று வரலாற்றைப் புரட்டினோம். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் கருவி, ஒவ்வொரு வரிக்கும் எழுதியவர் பெயரைக் காட்டும். அந்தக் கட்டளைக்கே 'பழி' என்று பொருள்படும் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எள்ளுவதற்கு ஆயத்தமாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். வந்தது என் பெயர். அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு நாகரிகமாகத் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். அன்றைய நகை பேராசிரியரின் இரண்டாம் வகை. ஐந்தாம் கப்.

5:35. உவகை. பிறந்த தேதி என்பது ஊருக்கு ஊர் மாறக்கூடியதன்று. ஆகவே காட்டும்போதும் யூடிசியிலேயே காட்டு என்று ஒரு வரி. நியூ யார்க் நேரத்தில் 15. சென்னை நேரத்தில் 15. சோதனைகள் எல்லாம் பச்சை. உவகையின் களன்களில் ஒன்றான புணர்வை, கிளைகள் சிக்கலின்றி மெர்ஜ் ஆதல் என்று இக்கட்டுரை கொள்கிறது.

5. மறுப்பும் விடையும்

ஒன்பதாவதாகச் சாந்தம் என்று ஒரு சுவை உண்டே, அதை ஏன் சேர்க்கவில்லை என்பார்க்கு: ஆன்கால் பணி உள்ள துறைகளில் அது இதுவரை தட்டுப்படவில்லை.

வரிசை தொல்காப்பியத்தோடு ஒத்துப்போகவில்லையே என்பார்க்கு: உண்மை. அங்கே நகை முதலில். இங்கே பெருமிதம் முதலில். ஆனால் இரண்டிலும் உவகை கடைசி. அதை வேறெங்கும் வைக்க முடியாது என்று அறிந்த ஒருவர், வாழ்நாளில் ஒருமுறையேனும் ஏதோ ஒன்றை மற்றொன்றோடு இணைத்து ஓடவைக்க முயன்றிருக்க வேண்டும்.

இவ்வளவும் ஒரு வரிக்கா என்பார்க்கு: ஆம். அந்த வரியைத் தட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அது எந்த வரி என்று அறிய ஏழு மணி இருபது நிமிடம் ஆயிற்று. சம்பளம் இரண்டாவதற்குத்தான் என்பதை இறை உட்பட அனைவரும் கொள்கையளவில் ஒப்புக்கொள்கிறார்கள்.

6. துணிபு

டெவலப்பரின் மெய்ப்பாட்டை எவராலும் காண இயலாது என்ற முடிவோடுதான் இக்கட்டுரையை முடிப்பதாக இருந்தது. மாலை 5:40க்கு நிகழ்ந்த ஒன்று அதைத் திருத்த வைத்தது.

எங்கள் தளத்தைச் சுத்தம் செய்யும் அக்கா அன்று காலையிலிருந்து என் மேசையில் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் கப் எடுக்கும்போது மட்டும் ஒரு கணம் நின்றுவிட்டுப் போனார். ஐந்தாவது கப்பை நானே எழுந்து கொண்டுபோய்க் குப்பைக்கூடையில் போட்டேன். துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆயிடுச்சு போல தம்பி?"

"ஆயிடுச்சுக்கா."

கப்பை எண்ணியே எட்டு மெய்ப்பாட்டையும் படிக்கும் ஒருவர் அந்தத் தளத்தில் இருந்திருக்கிறார். மெய்ப்பாட்டியலின் மூன்றாம் உரையாசிரியராக அவரை இக்கட்டுரை முன்மொழிகிறது.

மறுநாள் ஸ்டாண்டப்பில், "அந்த டேட் இஷ்யூ முடிஞ்சுது" என்றேன். "ஓகே, அடுத்தது" என்றார்கள். பதிவேட்டில் ஒட்டிவைக்கப் பூச்சி இல்லை. சேர்த்த வரி ஒன்று, நீக்கிய வரி ஒன்று என்று மட்டும் இருக்கிறது. அன்றிரவு திருத்தம் ப்ராடக்ஷனுக்குப் போனது. நியூ ஜெர்சியில் ஒருவர், தாம் பிறந்த அன்றே மீண்டும் பிறந்தார்.