சீரியல் பாத்த புள்ளையும் கொரியாவுக்குப் போற முந்திரியும்

வாடா பேராண்டி, குந்து. கொரியாக்காரனுக்கு முந்திரி விக்கப்போறியாமே? மங்கலம்பேட்ட டீக்கட பூரா அதாம் பேச்சு. ஒப்பந்தம் இங்கிலீசுல கெடக்குது, கொரியன்ல எழுதணும், எதுத்த ஊட்டுப் புள்ளய புடிச்சிட்டன்ங்கற. என்ன படிச்சிருக்குன்னா, ராத்திரி பகலா கொரியா சீரியல் பாக்குதுங்கற. பாக்கட்டும். நானுந்தான் அம்பது வருசமா எம்.ஜி.ஆர். படம் பாக்கறன், கத்தி சுத்தக் கூப்புட்டா வந்துருவனா?

“அவனும் அப்பாவ அப்பான்னுதான் கூப்புடறான், எல்லாம் நம்ம பாஷதான்”ங்கற. ஹல்பர்ட்டுன்னு ஒரு அமெரிக்கக்காரரு 1905லயே அப்பிடிப் புத்தகம் போட்டாரு. இப்ப இருக்கற பண்டிதருங்க ஒத்துக்கறதில்ல. ஒத்துக்கிட்டாலும் அப்பா, அம்மாவ வெச்சிக்கிட்டு கோடி ரூவா யாவாரம் ஆவுமா?

அந்தக் கோடிதான்டா ஆள கவுக்கும். இங்கிலீசுல எண்ணறது மில்லியன். நமக்கு லட்சம். கொரியாக்காரனுக்குப் பத்தாயிரந்தான் கணக்கு. நம்ம லட்சம் அவனுக்குப் பத்து பத்தாயிரம், கோடி ஆயிரம் பத்தாயிரம். 1996ல ஹூண்டாய் வந்ததுக்கப்பறம் இருங்காட்டுக்கோட்ட பக்கம் ஒரு கம்பெனியில வாட்ச்மேனா நின்னவன் நான். பாஷ மாத்திப் பேசற பழுத்த துபாஷிங்க கூட தொகைன்னு வந்தா பேச்ச நிறுத்தி, பேனாவ எடுத்து எழுதிக் காட்டிட்டுத்தான் மறுபடி வாயத் தொறப்பாங்க.

முந்திரித் தரத்துல டபிள்யூ 320ன்னா பவுண்டுக்கு 300லேருந்து 320 பருப்பு. ஒனக்குத் தெரியும். அந்தப் புள்ள 320 கிராம்னு எழுதிட்டா? அவன் தராச எடுத்துக்கிட்டு வந்து நிப்பான்.

மெட்ராசுல இன்கோ சென்டர்னு இருக்குது, 2006லேருந்து. அங்க கொரியன் சொல்லித் தர்றாங்க, போயி விசாரி. டோபிக்னு ஒரு பரீட்ச, ஆறு படி. மேல்படி தாண்டுன ஆளாப் பாரு. அதுவும் பாஷைக்குத்தான் பரீட்ச, மொழிபெயர்ப்புக்கு இல்ல. முன்னாடி என்னென்ன ஒப்பந்தம் எழுதுனன்னு கேளு. கொரியன்ல எழுதறதுக்கு அந்தப் பாஷையிலயே பொறந்து வளந்தவன் தேவல. கொரியாக்காரன் அனுப்பற கடுதாசிய இங்கிலீசாக்க நம்ம ஆளு போதும்.

எழுதறவனையே கூட்டத்துலயும் பேசச் சொல்லாத. அது வேற வித்த. பேசப் பேசக் கூடவே சொல்றதுன்னா ரெண்டு பேரு வேணும். அரைமணிக்கு ஒருத்தரா மாத்திக்கிட்டாத்தான் மூள தாங்கும்.

நம்ம பக்கத்துக்கு இது புதுசா? புதுச்சேரியில பிரெஞ்சு கவர்னர் தூப்ளேக்கு துபாஷியா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தானே பெரிய யாவாரி. சரக்கும் தெரியும், சனமும் தெரியும். 1736லேருந்து 1761 வரைக்கும் எழுதிவச்ச நாட்குறிப்பு இன்னைக்கும் நிக்குது.

பந்தலுக்கும் பிளக்சுக்கும் வாரி எறைக்கற, பாஷைக்காரங்கிட்ட மட்டும் பேரம் பேசற. மொதல்ல ஒரே ஒரு பக்கத்த எழுதச் சொல்லு. அத இன்னொரு கொரியன் தெரிஞ்சவங்கிட்ட காட்டு. ரெண்டு பேருக்கும் கூலியக் குடுத்துட்டு, அப்பறம் முழு ஒப்பந்தத்தயும் நீட்டு.