மருமவனே, குளுகுளுன்னு இருக்கீரா?

வாரும்வே மருமவனே! மெட்ராஸ்ல வெக்கை தாங்கலன்னு ஸ்ரீவைகுண்டத்துக்கு ஓடியாந்தீராக்கும்? நல்ல ஊராப் பாத்துத்தான் வந்தீரு. 2023 டிசம்பர்ல நம்ம பக்கத்துக் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருசக் கணக்கை ஒரே நாள்ல தீத்துட்டு. திருச்செந்தூர்லேருந்து மெட்ராஸ் கெளம்புன ரயிலு நம்ம ஸ்டேசனைத் தாண்ட முடியாம நின்னுட்டு.

அந்த மழைக்கு உம்ம ஏசிதான் காரணம்னு நான் பத்திரம் எழுதித் தரமாட்டேன். ஆனா காத்து 1 டிகிரி சூடானா 7 சதவீதம் கூடுதலாத் தண்ணியக் குடிக்கும்னு படிச்சவிய சொல்லுதாவ. கல்யாணப் பந்தியில மூக்குமுட்டத் தின்னவன் மாதிரி, எந்த ஊருல கக்குமோ, யாரு கண்டா?

சூடு எங்கேருந்து வருதுன்னா கேக்கீரு? அந்தா தூத்துக்குடியில 1050 மெகாவாட் அனல்மின் நிலையம். கப்பல்ல நிலக்கரி வந்து எறங்கும், எரியும், கரண்டு கம்பியில போயிரும், புகை மேலயே தங்கிரும். இப்படி உலகம் பூரா எரிச்சு எரிச்சு, பூட்டன் காலத்துக்கு முன்ன காத்துல பத்து லட்சத்துக்கு 280 பங்கா இருந்த கரியமில வாயு இப்போ 420-ஐத் தாண்டிட்டு. அந்தக் கரண்டுல ஓடுத ஏசி என்ன செய்யுது? உள்ள இருக்க சூட்டை வெளிய தள்ளுது. வெளிய நாங்கல்லா இருக்கோம்!

பகல் வெயிலைக்கூட நெல்லு ஒரு மாதிரி சமாளிச்சுக்கிடும்வே. ராச்சூடுதான் பொல்லாதது. பகல்ல சேத்ததை ராத்திரி மூச்சு விட்டே பயிரு செலவழிச்சிரும். பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்துல அளந்தே பாத்துட்டாவ: ராத்திரி 1 டிகிரி கூடுனா மகசூல்ல 10 சதவீதம் காலி. பிசான நெல்லு பால் பிடிக்கிற நேரத்துல ராத்திரி புழுங்குச்சுன்னா எனக்கு ஒறக்கம் வராது. விசிறி இல்லாம இல்ல, வயலை நெனச்சுத்தான்.

போன தடவை வந்தப்போ, "மாமா, உங்க வயல்ல தேங்குத தண்ணியில மீத்தேன் வருது"ன்னு போன்ல படிச்சுக் காட்டுனீரே, நெசந்தான். அதைக் கொறைக்கக் காய்ச்சலும் பாய்ச்சலுமாத் தண்ணி கட்டணுமாம். மண்ணு லேசாக் கீறல் விடவும் மறுதண்ணி. கடைமடைக்காரன் எனக்கு வேற என்ன வழிவே இருந்துச்சு? மேமடைக்காரன் பாய்ச்சுன மிச்சந்தான் நமக்கு. உலகத்தைக் காப்பாத்துதோம்னு தெரியாமலே காப்பாத்தியிருக்கோம்! ஒரு பொன்னாடையாவது போட்டிருக்கலாம்.

சரி, பதனியக் குடியும். அந்தா வேப்பமரத்தடியில உறுமிக்கிட்டு நிக்கது உம்ம காரா? உள்ள புள்ளைய இருக்காவளா? யாருமில்லையா? பெறகு யாருக்குவே குளிரு போட்டு வச்சிருக்கீரு?