இல்லக் கணினிகளில் எக்ஸி திறவாமை: ஓர் அறிமுக ஆய்வு

வீட்டுக் கணினியில் ஒரு நிரல்கோப்பை இருமுறை சொடுக்கியும் அது அசையாதிருத்தல் இக்கட்டுரையில் 'திறவாமை' என வழங்கப்பெறும். வேர்டு கோப்பு, படக் கோப்பு ஆகியவற்றின் திறவாமை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எக்ஸி என்னும் பின்னொட்டுக் கொண்ட விண்டோஸ் கோப்புகளே ஆய்வுப்பொருள். ஆய்வுக்களம், ஹால் மூலையில் இன்வெர்ட்டருக்கும் மடிக்காத துணி குவிந்த நாற்காலிக்கும் இடைப்பட்ட மேசை. தகவலாளிகள் நால்வர்: குடும்பத் தலைவர், தலைவி, பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், அவசரத்துக்கு வரவழைக்கப்படும் கம்ப்யூட்டர் சர்வீஸ் தம்பி.

ஆய்வின் கருதுகோள் இது: திறவாத எக்ஸி பெரும்பாலும் கெட்டுப்போன எக்ஸி அன்று. அதை எப்படித் திறப்பது, யார் திறப்பது, எதைத் துணைக்கழைப்பது என்று வேறெங்கோ செய்துவைத்த ஏற்பாடுதான் கெட்டிருக்கும். மேற்கண்ட நால்வரில் எவரும் இதை ஏற்கவில்லை. ஆகவே ஆய்வு தேவைப்பட்டது.

முதலில் எக்ஸியின் உடற்கூறு. எந்த எக்ஸியை அறுத்துப் பார்த்தாலும் தலைப்பில் இருப்பவை எம், இஸட் என்னும் ஈரெழுத்துகள். எம்எஸ்-டாஸை உருவாக்கிய பொறியாளர்களுள் ஒருவரான மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயர் முதலெழுத்துகள் இவை. கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவதை நாம் கேலி செய்கிறோம். இங்கோ உலகெங்கும் ஓடும் ஒவ்வொரு விண்டோஸ் நிரலின் நெற்றியிலும் உபயதாரர் பெயர் உள்ளது, அதைத் துடைத்தால் விளக்கே எரியாது. இன்னும் வியப்பானது அதை அடுத்து வரும் பகுதி. இன்றைய எக்ஸிக்குள்ளும் ஒரு குட்டி டாஸ் நிரல் ஒளிந்திருக்கிறது. 'இந்த நிரலை டாஸ் முறையில் இயக்க முடியாது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரியைக் காட்டிவிட்டு அணைந்துபோவதே அதன் பிறவிப்பயன். ஆக, தன் திறவாமைக்கான விளக்கக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு எக்ஸியும் பிறக்கிறது. திறவாமையை நோய் என்று கொள்வோர் இதை மறுபரிசீலனை செய்க.

இனி ஏற்பாடு. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், எக்ஸி என்றால் என்ன செய்வது என ஒரு வரி உண்டு. அதன் மதிப்பு "%1" %* என்பது. சொடுக்கப்பட்ட கோப்பு எதுவோ அதையே இயக்கு, கூடக் கொடுத்ததையும் சேர்த்துக் கொடு என்பது இதன் பொழிப்புரை. இதைவிடச் சுருக்கமான நூற்பா எம்மொழியிலும் இருக்க வாய்ப்பில்லை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. கணினியின் எல்லா எக்ஸிகளும் இந்த ஒற்றை வாசல் வழியாகத்தான் சொடுக்குக்குச் செவிசாய்க்கின்றன. இதை நல்லவர்கள் கவனிக்குமுன் கெட்டவர்கள் கவனித்துவிட்டார்கள். 1999-இல் பரவிய பிரிட்டி பார்க் என்னும் புழு இந்த வரியின் முன்னால் தன் பெயரைச் செருகிக்கொண்டது. 2001-இல் வந்த சர்கேம் அதே வேலையை ரீசைக்கிள் தொட்டிக்குள் குடியிருந்தபடியே செய்தது. எந்த நிரலைத் திறந்தாலும் முதலில் புழு எழும், பிறகு நிரல் திறக்கும். அதாவது புழு இருந்தவரை எல்லாம் திறந்தது. நேர்மையான வைரஸ் எதிர்ப்பு நிரல் ஒன்று வந்து புழுவை அழித்து, அந்த வரியை மட்டும் திருத்தாமல் போனபோதுதான் வீடு நின்றது. இல்லாத வாயிற்காவலனைத் தேடி விண்டோஸ் வாசலிலேயே நிற்கும். உள்ளே ஒருவரும் போக முடியாது.

இங்குதான் ஆய்வு தன் உச்சத்தை எட்டுகிறது. அந்த வரியைத் திருத்த உதவும் கருவி ரெஜெடிட். அதுவும் ஓர் எக்ஸி. எக்ஸி திறவாமைக்கு மருந்து எக்ஸிக்குள் இருக்கிறது, எக்ஸியோ திறக்கவில்லை. தர்க்க நூலார் இதற்கு ஒரு பெயர் சூட்டி ஏழு அதிகாரம் எழுதியிருப்பார்கள். அன்றைய தொழில்நுட்பர்கள் கண்ட விடை, ஒரு பெயர்மாற்றம். ரெஜெடிட்டைப் படியெடுத்து, எக்ஸி என்ற வாலை வெட்டி, காம் என்ற வாலை ஒட்டினார்கள். காம் கோப்புகளுக்கான வரி வேறு, புழு அதைத் தொடவில்லை. வாலைப் பார்த்து வாசலைத் திறந்த விண்டோஸ், உள்ளே போனதும் முகத்தைப் பார்க்கும், அங்கே எம், இஸட் இருக்கும், மறுபேச்சின்றி இயக்கிவிடும். மாறுவேடத்தில் அரண்மனைக்குள் நுழைந்து தன் சிம்மாசனத்தையே மீட்கும் இளவரசன் கதைகளை ரசித்து வளர்ந்த நாம் இதற்கு ஒரு சினிமா எடுக்காதது குறையே.

புழு இல்லாத வீட்டிலும் திறவாமை நேரலாம். அங்கே பத்தாம் வகுப்பு மகன் இருப்பான். டெஸ்க்டாப்பில் இருக்கும் படங்களில் பெரும்பாலானவை உண்மையில் நிரல்கள் அல்ல, நிரலின் இருப்பிடத்தைச் சொல்லும் ஷார்ட்கட்கள். அவற்றில் ஒன்றை வலப்பக்கம் சொடுக்கி, 'ஓப்பன் வித்' என்பதில் நோட்பேடைக் காட்டி, 'எப்போதும் இப்படியே' என்னும் கட்டத்தில் டிக் விழுந்துவிட்டால் விண்டோஸ் 7 காலத்துக் கணினிகளில் அத்தனை ஷார்ட்கட்டும் நோட்பேடாக மாறிவிடும். பிரௌசரைத் தொட்டாலும் நோட்பேடு, கேமைத் தொட்டாலும் நோட்பேடு. கள ஆய்வில் மகனின் வாக்குமூலம் வருமாறு: "நான் ஒண்ணுமே பண்ணலப்பா. அதுவா மாறிடுச்சு." தந்தையின் எதிர்வினை ஆய்வு நெறிமுறை கருதி நீக்கப்பட்டது.

ஏனைய காரணங்களை விரைந்து கடக்கலாம். நிரல் துணைக்கழைக்கும் டிஎல்எல் கோப்பு ஒன்றைக் காணவில்லை என்று செய்தி வந்தால், அதை மட்டும் எங்கிருந்தோ இறக்கிக்கொண்டு வருவது காணாமல் போன பிள்ளைக்குப் பதில் வேறு பிள்ளையைக் கூட்டிவருவதற்கு நிகர். மைக்ரோசாஃப்ட் தரும் விஷுவல் சி++ துணைத்தொகுப்பை நிறுவினால் பெரும்பாலும் தீரும். 64 பிட் கணினியிலும் 32 பிட் நிரல்கள் உண்டாதலின் இரண்டு வகையையும் நிறுவுக. பூஜ்யத்தில் தொடங்கி 'பி'யில் முடியும் பத்தெழுத்துப் பிழைக்குறி வந்தாலும் இவ்விரண்டும் குழம்பியதே வழக்கமான காரணம். 16 பிட் காலத்துப் பழைய சிடி நிரல்களை 64 பிட் விண்டோஸ் ஏறெடுத்தும் பாராது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாதாகையால் அந்தச் சிடிகளைத் தோட்டத்தில் காக்கை விரட்டத் தொங்கவிடலாம்.

வழக்காறுகளுக்கு வருவோம். சொடுக்கிய உடனே திறக்காவிட்டால் இன்னும் பலமாகச் சொடுக்குவது தலைவரின் மரபு. இரண்டு சொடுக்குகளுக்கு நடுவே அரை நொடிக்குள் இடைவெளி இருக்கிறதா என்றுதான் விண்டோஸ் பார்க்கும், விரலின் கோபத்தை அளக்கும் கருவி எதுவும் மவுஸில் இல்லை. விளைவு, நின்றிருந்த கணினி மூச்சுவிட்டதும் ஒரே நிரல் வரிசையாகப் பல சன்னல்களில் திறக்கும்.

தலைவியின் முறை வேறு. "அந்த ஃபைல பென்டிரைவ்ல போட்டு மறுபடி எடுங்க, சரியாயிடும்." இக்கட்டுரையாளர் சிரிக்க ஆயத்தமானபோது அது சரியாயிற்று. காரணம் உண்டு. இணையத்திலிருந்து இறங்கும் கோப்பின் முதுகில் விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டை ஒட்டுகிறது. அதில் இணையத்தைக் குறிக்கும் 3 என்னும் எண் இருக்கும். அதைப் பார்த்துத்தான் 'உங்கள் கணினியைக் காப்பாற்றினோம்' என்று வழிமறிக்கிறது. இந்தச் சீட்டு ஒட்டுவது என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த வட்டில். பழைய பென்டிரைவின் ஃபேட்32-இல் ஒட்ட இடமில்லாமல் உதிர்ந்துவிடும். பிராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' என்னும் கட்டத்தை டிக் செய்தாலும் இதே பலன். எந்த முறையானாலும் கோப்பு நம்பகமான இடத்திலிருந்து வந்ததா என்று பார்த்துக்கொள்க. சீட்டு போனதால் கோப்பு புனிதமாகிவிடாது.

ரீஸ்டார்ட் மரபினரையும் எள்ளற்க. நிரலின் பழைய பிரதி ஒன்று திரைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தால் புதியது எழ மறுக்கும். ரீஸ்டார்ட் அதை ஒழிக்கும். ஆனால் 'ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணேன்' என்போர் கவனிக்க: 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், வேகமாக எழுவதற்காக, ஷட் டவுன் செய்தாலும் கணினியின் மையப்பகுதி உறக்கத்தில் சேமிக்கப்படுகிறது. டிரைவர் கோளாறு இருந்தால் மறுநாள் காலை அதுவும் கூடவே எழும். ரீஸ்டார்ட்தான் முழுக் குளியல்.

இறுதியாக, சர்வீஸ் தம்பி. இவர் சார்ந்த மரபில் நோய்கள் பல, மருந்து ஒன்று: "ஃபார்மேட் அடிச்சிரலாம் சார்." ஒரு வரியைத் திருத்தத் தேவைப்படும் இடத்தில் நூலகத்தையே கொளுத்தும் இம்முறையைக் கருதுகோளின் பார்வையில் ஏற்க முடியாவிடினும், மாலைக்குள் இன்னும் மூன்று வீடு போகவேண்டியவரின் பார்வையில் மறுக்கவும் முடியாது. டெஸ்க்டாப் என்பது திரையில் மிதக்கும் தனி உலகமன்று, சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் கிடக்கும் இன்னொரு ஃபோல்டர் என்பதை முன்பே அறிந்த வாசகர்கள் பின்வரும் உரையாடலைத் தவிர்த்துவிடலாம்.

"சி டிரைவ்ல முக்கியமானது ஏதாச்சும் இருக்கா சார்?"

"அதுல ஒண்ணுமில்ல தம்பி, அடிச்சிடுங்க. நாங்க எல்லாத்தையும் டெஸ்க்டாப்லதான் வெச்சிருக்கோம்."