சுவர்ச் சிலந்தியும் துடைப்பமும்: ஓர் ஆராய்ச்சி

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் எட்டிப் பாராமலே போய்விடும் பனமலையில், பல்லவ ராஜசிம்மன் எடுப்பித்த தாலகிரீஸ்வரர் ஆலயத்தைப் பற்றியும், அங்கே குடை நிழலில் ஒரு காலை மடித்து ஒய்யாரமாய்ச் சாய்ந்து நிற்கும் பார்வதியின் சித்திரத்தைப் பற்றியும் பண்டிதர்கள் வேண்டிய மட்டும் எழுதியிருக்கிறார்கள். ஆனால், அடிவாரத்து வீடுகளில் எட்டுக் காலையும் பக்கவாட்டில் பரப்பிச் சுவரோடு சுவராய் ஒட்டி நிற்கும் ஜீவனைப் பற்றி எழுத ஒருவரும் முன்வராததால், அந்தப் பாரம் அடியேன் தலையில் விழுந்தது.

1767-இல் லின்னேயஸ் உலகுக்கு அறிமுகம் செய்துவைத்ததும், இன்று ஹெட்டரோபோடா வெனட்டோரியா என்று சாஸ்திரிகளால் அழைக்கப்படுவதுமான இச்சிலந்தி, வாழைக்குலைகளோடு கப்பலேறி உஷ்ணப் பிரதேசங்களெங்கும் குடியேறிய யாத்ரிகன். இரைக்காக வலை பின்னும் வழக்கம் இதற்கில்லை. ஆதலால், திருவானைக்காவில் லிங்கத்துக்கு நூற்பந்தலிட்டு, மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்த சிலந்தியின் வம்சத்தில் பங்கு கேட்க இதற்கு யோக்யதை கிடையாது. இதன் உத்தியோகம் கரப்பான் வேட்டை, சம்பளம் கரப்பானே.

இனி விஷயத்துக்கு வருவோம். நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தவர் விளக்கைப் போட்டதும், இரு தரப்பாரும் ஒரு கணம் ஸ்தம்பித்து நிற்கிறார்கள். அடுத்து, "ஐயோ, எட்டுக்கால் பூச்சி! அந்தத் தொடப்பத்த எடு!" என்ற கோஷம் எழுகிறது. (பூச்சிக்கு ஆறு கால்தானே என்று ஆட்சேபிக்க அது சமயமல்ல.) ஓங்குகிறவர் அது நேரே ஓடும் என்று அனுமானித்து அடிக்க, அதுவோ நண்டைப் போலப் பக்கவாட்டில் விலகி, தன் தட்டையான சரீரத்தைக் காலண்டருக்குப் பின்னே செருகிக்கொண்டுவிடுகிறது, நஷ்டம் காலண்டருக்கு மட்டுமே. தர்க்க சாஸ்திரம் படித்தவர்களும் இவ்வனுமானத்தில் தவறுவதுதான் ஆச்சரியம்.

இதன்மேல் சுமத்தப்படும் குற்றங்களும் விசாரணையில் நிற்பவையல்ல. பிடித்து நசுக்கினாலொழிய இது கடிப்பது அபூர்வம். கடித்தாலும் வலியும் வீக்கமும் உண்டே தவிர, உயிருக்கு அபாயமில்லை. தூங்கி எழுந்ததும் தோலில் காணும் எரிச்சல் கொப்புளங்களுக்கும் இதையே பொறுப்பாக்குவதுண்டு. அவற்றில் பலவற்றுக்குக் காரணம், விளக்கைத் தேடி வந்து நம் கையாலேயே தோலில் தேய்பட்டுச் சாகும் பெடரஸ் என்னும் சிறு வண்டின் ரசம். வண்டு செய்த குற்றத்துக்குச் சிலந்திக்குத் தண்டனை! போதாக்குறைக்கு, அலமாரி மூலைகளில் கரப்பான் மருந்தைத் தூவுகிற கையேதான் கரப்பானைத் தின்கிறவன்மேல் துடைப்பத்தையும் ஓங்குகிறது.

ஆகவே, வாசக நேயர்களே, வயிற்றின் கீழ் வெண்ணிற வட்டப் பையில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளைச் சுமந்து நிற்கும் தாய்ச் சிலந்தியையேனும் அடியாமல், விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். கரப்பான்கள் இருட்டில்தான் வெளியே வரும்.